மின்சாரம் எல்லை பார்ப்பதில்லை: சுவிட்சர்லாந்தும் ஐரோப்பிய மின்வலையும்

சுவிட்சர்லாந்தின் வடக்கு ஓரத்தில், ரைன் நதிக்கரையில், லௌஃபன்பூர்க் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இக்கரையில் இருப்பது சுவிஸ் ஊர். அக்கரையில் அதே பெயருடன் இருப்பது ஜெர்மானிய ஊர். நெப்போலியன் காலத்தில் ஒரே ஊர் இரண்டாகப் பிரிக்கப்பட்டதன் விளைவு இது. 1958ம் ஆண்டு, இந்த ஊரை ஒட்டிய துணை மின்நிலையத்தில், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் 220 கிலோவோல்ட் மின்பாதைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 'லௌஃபன்பூர்க் நட்சத்திரம்' என்று இன்றும் அந்த இணைப்பைக் குறிப்பிடுகிறார்கள். போர் முடிந்து பதின்மூன்று வருடங்களே ஆகியிருந்த நேரம் அது. இன்று போர்ச்சுகலிலிருந்து துருக்கி வரை, டென்மார்க்கின் மேற்குப் பகுதியிலிருந்து சிசிலி வரை ஒரே மின்வலையாக இயங்குகிற ஐரோப்பியக் கட்டமைப்பின் தொடக்கப் புள்ளிகளில் இந்த ஊர் முக்கியமானது.

இதில் ஒரு முரண் உண்டு. அந்த மின்வலையைத் தன் மண்ணில் முடிச்சுப் போட்டுத் தொடங்கி வைத்த நாடு, இன்று அந்த மின்வலையின் சந்தைக்கு வெளியே நிற்கிறது. கம்பிகள் உள்ளே இருக்கின்றன, கையெழுத்து வெளியே இருக்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு மின்சாரத்துக்கும், அதிலும் நீர், வெயில், காற்று ஆகியவற்றிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் மாற வேண்டும் என்று உலகமே பேசிக்கொண்டிருக்கிறது. பேச்சு பெரும்பாலும் சூரியத் தகட்டின் விலை, காற்றாலையின் உயரம் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் நூற்றுச் சொச்சம் வருட அனுபவத்தைப் பார்த்தால், கருவிகளை விடக் கடினமானது அண்டை வீட்டாருடன் செய்துகொள்ளும் உடன்பாடுதான் என்று எனக்குப் படுகிறது. இக்கட்டுரையில் அந்த அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

நிலக்கரி இல்லாத நாடு

சுவிட்சர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரியோ எண்ணெயோ கிடையாது. மலை இருக்கிறது, மலையில் பனி இருக்கிறது, பனி உருகித் தண்ணீர் வருகிறது. 'வெள்ளை நிலக்கரி' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தண்ணீருக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் தண்ணீர் விழுகிற இடத்தில் தொழிற்சாலை இல்லை, தொழிற்சாலை இருக்கிற இடத்தில் அருவி இல்லை. மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோகும் வழி தெரிந்தால்தான் மலைத் தண்ணீருக்கு மதிப்பு.

அந்த வழியை உலகுக்குக் காட்டிய சோதனை 1891ல் நடந்தது. ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு மின்தொழில்நுட்பக் கண்காட்சி. அதற்கு வேண்டிய மின்சாரம், நெக்கர் நதிக்கரையிலிருந்த லௌஃபன் என்ற ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியாக அனுப்பப்பட்டது. (பெயர் ஒத்திருந்தாலும் இது வேறு ஊர்.) சூரிச்சின் ஓர்லிகான் தொழிற்சாலையைச் சேர்ந்த சார்ல்ஸ் பிரவுனும், பெர்லினின் ஏ.ஈ.ஜி. நிறுவனத்தைச் சேர்ந்த டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கியும் சேர்ந்து இதைச் செய்தார்கள். முன்னவர் ஆங்கிலேயத் தந்தைக்கு சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பின்னவர் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். அனுப்பிய மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் 'மும்முனை மின்சாரம்' என்று சொல்கிறோமே, அது தன்னை நிரூபித்துக்கொண்டது இந்தச் சோதனையில்தான். இரண்டு நாட்டு நிறுவனங்கள் கைகோத்ததால் நடந்த காரியம் இது.

அதே 1891ல் பிரவுனும் வால்டர் போவெரியும் பாடன் நகரில் பிரவுன் போவெரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1906ல் சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் சிம்ப்ளான் சுரங்கப் பாதை திறக்கப்பட்டபோது, அதில் மின்ரயில் ஓட்டும் பொறுப்பை இந்த நிறுவனம் துணிந்து ஏற்றது. கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் நீராவி எஞ்சின் ஓடினால் பயணிகளின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்நிறுவனம் 1988ல் சுவீடனின் ஆசியா நிறுவனத்துடன் இணைந்து ஏ.பி.பி. ஆயிற்று. 1990களில் இந்திய ரயில்வே தொழில்நுட்பத்தோடு சேர்த்து வாங்கி, பிறகு சித்தரஞ்சனில் தானே செய்துகொண்ட டபிள்யூ.ஏ.பி.-5, டபிள்யூ.ஏ.ஜி.-9 வகை எஞ்சின்கள் ஏ.பி.பி. வழி வந்தவையே.

நாடு முழுவதும் ரயிலை மின்மயமாக்கும் வேலைக்கு உண்மையான வேகம் முதல் உலகப்போரில் வந்தது. நிலக்கரி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். போரில் அது வரவில்லை, வந்ததும் யானை விலை. ரயில்கள் நிறுத்தப்பட்டன. போருக்கு முன்பே போட்டு வைத்திருந்த திட்டங்களை அரசு ரயில்வே கையில் எடுத்தது. ரிட்டோம், ஆம்ஸ்டெக் போன்ற நீர்மின் நிலையங்களை ரயிலுக்கென்றே கட்டினார்கள். 1920ல் கோட்ஹார்ட் மலைப்பாதையில் மின்ரயில் ஓடியது. 1922ல் லூசெர்னிலிருந்து இத்தாலிய எல்லையான கியாசோ வரை பாதை முழுவதும் மின்மயமாயிற்று. (நம் மதராஸில் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் தொடங்கியது 1931ல்.)

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி. 1912–13 வாக்கில் ஜெர்மானிய மாநில ரயில்வேக்கள் 15,000 வோல்ட், 16⅔ ஹெர்ட்ஸ் என்று ஒரு பொது அளவை ஏற்றுக்கொண்டன. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், நார்வே ஆகிய நாடுகளும் அதையே பின்பற்றின. நூறு வருடங்களுக்குப் பிறகும் அந்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மென்பொருள் துறையில் இருக்கும் என் போன்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள முதலில் வேண்டியது பொதுவான நெறிமுறை. வேகமான இயந்திரம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் உலகப்போரை ஒட்டி மீண்டும் நிலக்கரிக் கவலை வந்தது. இம்முறை வீட்டைச் சூடாக்குவதில் கை வைத்தார்கள். 1938ல் சூரிச் நகர மன்றக் கட்டடத்துக்கு, பக்கத்தில் ஓடும் லிம்மட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தரும் ஹீட் பம்ப் ஒன்றை எஷர் வீஸ் நிறுவனம் அமைத்தது. ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது அல்லவா? அதையே திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். போருக்குப் பின் மலிவான எண்ணெய் வந்ததும் இதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். 1973ன் எண்ணெய் நெருக்கடிதான் மீண்டும் நினைவூட்டியது. இன்று சுவிட்சர்லாந்தில் புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஹீட் பம்ப்தான். பஞ்சம் வரும்போது மின்சாரத்துக்கு மாறுவதும், பஞ்சம் தீர்ந்ததும் வேகம் குறைவதும் இந்த நாட்டில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அணைக்காக நகர்ந்த எல்லை

சுவிட்சர்லாந்து ஓராண்டில் ஏறத்தாழ 5,700 கோடி யூனிட் மின்சாரம் செலவிடுகிறது. உற்பத்தியில் பாதிக்கு மேல் தண்ணீரிலிருந்தும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணுமின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. 1961ல் முடிக்கப்பட்ட கிராண்ட் டிக்ஸான்ஸ் அணை 285 மீட்டர் உயரம். உலகின் ஈர்ப்பு வகை அணைகளில் இதுதான் உயரமானது. நாட்டின் எல்லா நீர்த்தேக்கங்களும் நிரம்பி வழிந்தால் சுமார் 890 கோடி யூனிட் மின்சாரம் தரும் தண்ணீர் கையில் இருக்கும்.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் நாட்டின் இரண்டு மாதத் தேவைக்குக் கூட அது போதாது. சிக்கல் குளிர்காலத்தில் இருக்கிறது. கோடையில் பனி உருகி ஆறுகள் பெருகும்போது மின்சாரம் மிஞ்சும், விற்பார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் பனியாக மலைமேல் உறைந்து கிடக்கும். ஆறு வற்றும், பகல் குறுகும், வீடுகளுக்கு வெப்பம் வேண்டும். ஆகவே பெரும்பாலான குளிர்காலங்களில் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வாங்க வேண்டியிருக்கிறது. கார்களும் வெப்பமூட்டும் கருவிகளும் மின்சாரத்துக்கு மாற மாற இந்தக் குளிர்காலப் பள்ளம் ஆழமாகும்.

அண்டை நாடுகளோடு சேர்ந்து நீரைப் பயன்படுத்துவதில் சுவிட்சர்லாந்து பழைய கை. லௌஃபன்பூர்க்குக்குச் சற்று மேற்கே உள்ள ரைன்ஃபெல்டனில் 1898லேயே ரைன் நதிமேல் மின்நிலையம் அமைந்தது. எல்லை நதி என்பதால் அதன் மின்சாரத்தை இரண்டு கரையும் பங்கிட்டுக்கொண்டன. கிராவ்பூண்டன் மலைகளில் லேய் ஏரி என்று ஒன்று உண்டு. தண்ணீர் நிற்பது இத்தாலியில், அதைத் தடுக்கும் அணை நிற்பது சுவிட்சர்லாந்தில். அணை கட்டும் இடம் இத்தாலிக்குள் இருந்ததால், இரு நாடுகளும் நிலத்தைப் பரிமாறிக்கொண்டு எல்லையையே நகர்த்தின. பிரான்ஸ் எல்லையில் உள்ள எமோசான் அணைக்கும் இப்படியே 1963ல் ஓர் ஒப்பந்தம் செய்து நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்த அணைத் தண்ணீர் ஓட்டும் மின்நிலையங்களில் ஒன்று பிரான்சிலும் மற்றொன்று சுவிட்சர்லாந்திலும் இருக்கின்றன. ஒரு சாண் நிலத்துக்கு நாடுகள் போரிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம்.

இதே எமோசான் ஏரியின் மேல் 2022ல் 'நான் த டிரான்ஸ்' என்ற 900 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்குத் தண்ணீரை ஏற்றுவார்கள். தட்டுப்பாடு வரும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் காடம்பாறையில் 400 மெகாவாட்டில் நடப்பதும் இதுவே. நான் த டிரான்ஸில் 2 கோடி யூனிட்டைச் சேமித்து வைக்கலாம். அல்பீக் மின் நிறுவனம், சுவிஸ் ரயில்வே, பாசல் நகரின் மின் நிறுவனம், வாலே மாநிலத்தின் மின் நிறுவனம் ஆகிய நால்வர் இதன் பங்குதாரர்கள். ஜெர்மனியில் நண்பகல் வெயில் அடித்து மின்சார விலை சரியும்போது இங்கே தண்ணீர் மலையேறும். ஐரோப்பாவின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஆல்ப்ஸ் மலை ஒரு மின்கலம் என்று சொல்வதன் பொருள் இதுதான். ஆனால் மின்கலத்தின் இரு முனைகளும் சுற்றில் சேர்ந்திருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு.

ஒரே நாடித்துடிப்பு

ஐரோப்பிய மின்வலையில் உள்ள எல்லா மின்னாக்கிகளும் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கில் சேர்ந்து துடிக்கின்றன. ஓரிடத்தில் உற்பத்தி குறைந்தால் அந்தத் துடிப்பு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் தளரும். இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல என்பதை 2018ல் ஐரோப்பா முழுவதும் சமையலறையில் பார்த்தது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே நடந்த தகராறில் 11.3 கோடி யூனிட் மின்சாரம் வலைக்குள் வர வேண்டியது வரவில்லை. துடிப்பு நூலிழை குறைந்தது. மின்வலையின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் மைக்ரோவேவ், அடுப்புக் கடிகாரங்கள் சுவிட்சர்லாந்து உட்பட இருபத்தைந்து நாடுகளில் சுமார் ஆறு நிமிடம் பின்தங்கின. பால்கன் மலைநாட்டின் அரசியல் சண்டை சூரிச் வீட்டு அடுப்பில் நேரமாகத் தெரிந்தது.

இப்படிப்பட்ட வலையைப் பராமரிக்க 1951லேயே எட்டு நாடுகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. சுவிட்சர்லாந்தும் அந்த எட்டில் ஒன்று. அச்சங்கத்தின் இன்றைய வாரிசில் சுவிஸ் மின்பாதைகளின் உரிமையாளரான ஸ்விஸ்கிரிட் நிறுவனமும் உறுப்பினர். கண்ட ஐரோப்பிய வலையின் தென் பாதியை ஆராவ் நகரிலிருந்து ஸ்விஸ்கிரிட்டும், வட பாதியை ஜெர்மனியின் ஆம்ப்ரியானும் ஒருங்கிணைக்கின்றன. 2022 பிப்ரவரி 24 அதிகாலையில் உக்ரைன், ஏற்கெனவே குறித்து வைத்திருந்த சோதனைக்காக ரஷ்ய வலையிலிருந்து துண்டித்துக்கொண்டது. அன்றைக்கே போர் தொடங்கியது. தனித்து நின்ற உக்ரைனையும் மால்டோவாவையும் மார்ச் 16ம் தேதி ஐரோப்பிய வலையில் சேர்த்துக்கொண்டார்கள். வருடக் கணக்கில் ஆக வேண்டிய வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. பொறியாளர்களிடையே நம்பிக்கை இருந்ததால் சாத்தியமாயிற்று.

ஒரு மரமும் இத்தாலியும்

இணைப்பால் நன்மை மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. 2003 செப்டம்பர் 28, ஞாயிறு அதிகாலை 3 மணி 1 நிமிடம். சுவிட்சர்லாந்தின் லுக்மானியர் கணவாய் வழியே செல்லும் 380 கிலோவோல்ட் மின்பாதையில் ஒரு மரத்துக்கும் கம்பிக்கும் இடையே மின்பொறி பாய்ந்து பாதை அறுந்தது. அதன் சுமை மற்ற பாதைகளுக்குத் தாவியது. பத்து நிமிடம் கழித்து சுவிஸ் கட்டுப்பாட்டு மையம் இத்தாலிக்குத் தொலைபேசியில் சொல்லி, வாங்கும் மின்சாரத்தைக் குறைக்கக் கேட்டது. குறைத்தது போதவில்லை. 3 மணி 25 நிமிடத்துக்கு சான் பெர்னார்டினோ வழிப் பாதையிலும் அதிக சுமையால் சூடேறித் தொய்ந்த கம்பி மரத்தைத் தொட்டது. அடுத்த சில விநாடிகளில் இத்தாலிக்குச் செல்லும் பாதைகள் வரிசையாக அறுந்தன. சார்டீனியாத் தீவைத் தவிர இத்தாலி முழுவதும், ஐந்தரைக் கோடிப் பேருக்கு மேல், இருட்டில் மூழ்கினார்கள்.

மரத்தை வெட்டாதது ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. வணிகர்கள் காகிதத்தில் 'பிரான்சிலிருந்து இத்தாலிக்கு' என்று எழுதுகிறார்கள். மின்சாரம் அந்தக் காகிதத்தைப் படிப்பதில்லை. எந்த வழியில் தடை குறைவோ அந்த வழிகளிலெல்லாம் பிரிந்து பாயும், சுவிஸ் மலைகள் வழியாகவும் பாயும். யார் எவ்வளவு அனுப்புகிறார்கள், பாதை அறுந்தால் யார் எத்தனை நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுதி, ஏற்று, பயிற்சி செய்யப்பட்டிருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மின்பாதைகளை ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவரும் முயற்சிக்கு இந்த இரவு வலுச் சேர்த்தது. 2006 இறுதியில் ஸ்விஸ்கிரிட் செயல்படத் தொடங்கியது. 2013ல் பாதைகளின் உரிமையும் அதன் கைக்கு வந்தது.

கையெழுத்து இல்லாத கம்பி

இன்று 41 மின்பாதைகள் சுவிட்சர்லாந்தை அண்டை நாடுகளுடன் இணைக்கின்றன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளின் மின்சந்தைகளைக் கணினி வழியாக ஒன்றாகக் கோத்தபோது சுவிட்சர்லாந்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. மின்சார ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் இடம் என்று ஒன்றியத்தின் 2015ம் ஆண்டு விதி சொல்லிவிட்டது.

பேச்சுவார்த்தை தொடங்கியது 2007ல். இடையில் 2014ல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரிய மக்கள் வாக்கெடுப்பு 50.3 சதவீதத்தில் வென்றதும் இரு தரப்பு உறவு கசந்தது. ஒன்றியத்துடனான உறவு முழுவதையும் ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவரும் ஒப்பந்தத்தை 2021 மே 26 அன்று சுவிஸ் அரசே கைவிட்டது. அதோடு மின்சார ஒப்பந்தமும் நின்றது. இத்தனைக்கும் 2020 ஜனவரியிலிருந்து இரு தரப்பின் கரிம உமிழ்வுச் சந்தைகளும் இணைந்தே இயங்குகின்றன. புகைக்கு உடன்பாடு உண்டு, மின்சாரத்துக்கு இல்லை என்ற நிலை.

இதனால் என்ன நட்டம்? அண்டை நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகத்தின் மின்சாரம் சுவிஸ் பாதைகள் வழியே சொல்லாமல் கொள்ளாமல் பாய்கிறது. அதைச் சமாளிக்க ஸ்விஸ்கிரிட் அணைகளின் உற்பத்தியைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலும் எல்லை தாண்டும் மின்பாதைகளின் திறனில் குறைந்தது 70 சதவீதத்தை வணிகத்துக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியம் விதி செய்தது. 2025 இறுதிதான் அதற்குக் கடைசிக் கெடு. தங்களுக்குள் அந்த விகிதத்தை எட்டுவதற்காக அவர்கள் சுவிட்சர்லாந்துக்குச் செல்லும் அளவைக் குறைத்தால், அது மிகவும் தேவைப்படும் குளிர்காலத்தில்தான் உறைக்கும். 2022ல் ரஷ்ய எரிவாயு நின்றது. பிரான்சின் அணு உலைகளில் பாதியளவு பழுது, பராமரிப்பு என்று ஓய்ந்திருந்தன. விற்பவரிடமே சரக்கில்லை என்றால் வாங்குபவர் என்ன செய்வார்? அணைகளில் ஒரு பங்குத் தண்ணீரைத் தொடாமல் வைத்திருக்க அரசு பணம் கொடுத்தது. பிர் என்ற ஊரில் 250 மெகாவாட் அவசர மின்நிலையம் ஒன்றை அவசர அவசரமாக அமைத்தார்கள்.

2024 டிசம்பர் 20 அன்று புதிய ஒப்பந்தத் தொகுப்பின் பேச்சு முடிந்தது. அதில் மின்சாரமும் ஒன்று. சுவிட்சர்லாந்து சந்தைக்குள் போகலாம், அவசரகாலச் சேமிப்பை வைத்துக்கொள்ளலாம், அணைகளின் உரிமையில் ஒன்றியம் தலையிடாது. பதிலுக்கு எல்லாருக்கும் மின்சந்தையைத் திறக்க வேண்டும். இங்கே 2009 முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டுமே விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. வீடுகளுக்கு உள்ளூர் மின் நிறுவனம்தான். அப்படிச் சுமார் 600 நிறுவனங்கள் உள்ளன, பெரும்பாலானவை ஊராட்சிக்கும் மாநிலத்துக்கும் சொந்தம். சந்தையைத் திறக்கும் சட்டத்தை 2002 வாக்கெடுப்பில் மக்கள் 52.6 சதவீதத்தில் நிராகரித்தார்கள். ஊர்ச் சொத்து கைமாறிவிடும், விலை ஏறி இறங்கும் என்ற தொழிற்சங்கங்களின் பயம் இன்றும் அப்படியே இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. விரும்புகிற வீடுகள் பழைய கட்டண முறையிலேயே நீடிக்கலாம் என்ற உறுதி புதிய ஒப்பந்தத்தில் சேர்ந்திருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். இறுதி முடிவு நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் உரியது.

வாக்குச்சீட்டும் சூரியத் தகடும்

மின்சாரக் கொள்கையை இங்கே அமைச்சர் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1975ல் கைசராவ்க்ஸ்ட் என்ற ஊரில் அணுமின் நிலையம் கட்டும் இடத்தை மக்கள் வாரக்கணக்கில் ஆக்கிரமித்து உட்கார்ந்தார்கள். 1988ல் திட்டம் கைவிடப்பட்டது. ஃபுகுஷிமாவுக்குப் பின், புதிய அணு உலை கூடாது, புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பெருக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு 2017ல் 58.2 சதவீதத்தினர் ஆதரவளித்தார்கள். மூலெபெர்க் உலை 2019 டிசம்பரில் மூடப்பட்டது. 2021ல் கரிம வரியை உயர்த்தும் சட்டம் 51.6 சதவீதத்தில் தோற்றது. 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் சட்டம், வரிக்குப் பதில் மானியத்தை முன்வைத்து, 2023ல் 59.1 சதவீதத்தில் வென்றது. 2035க்குள் நீர்மின்சாரம் நீங்கலாக 3,500 கோடி யூனிட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்த சட்டத்துக்கு 2024ல் 68.7 சதவீத ஆதரவு. புதிய அணு உலைத் தடையை நீக்கும் யோசனையை 2025ல் அரசே நாடாளுமன்றத்தில் வைத்தது. ஆக, விவாதம் ஓயவில்லை.

வெளிநாட்டவனான எனக்கு இந்த வாக்கெடுப்புகளில் இடமில்லை. ஆனால் வாக்காளர்களுக்கு அனுப்பப்படும் விளக்கக் கையேடுகள் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. அரசின் வாதத்தோடு எதிர்ப்பவர்களின் வாதமும் அவர்கள் சொற்களிலேயே அதே கையேட்டில் அச்சாகும். இதனால் முடிவு தாமதமாகிறது. ஆனால் எடுத்த முடிவை அடுத்த ஆட்சி தூக்கி எறிவது அரிது.

குளிர்காலப் பள்ளத்தை நிரப்ப ஒரு வழி, மேகத்துக்கு மேலே தகடு பதிப்பது. கிளாரஸ் மலைகளில் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள முட்சே அணையின் சுவரில் ஏறத்தாழ 5,000 தகடுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். பனியில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்வதால் ஆண்டு உற்பத்தியில் பாதி குளிர்காலத்திலேயே கிடைக்கிறது. அக்ஸ்போ என்ற மின் நிறுவனமும் பாசல் நகர மின் நிறுவனமும் இதைக் கட்டின. டென்னர் என்ற மளிகைக் கடைத் தொடர் இருபது ஆண்டுகளுக்கு இதன் மின்சாரத்தை வாங்க ஒப்புக்கொண்டது. அந்த உறுதி இல்லாமல் வங்கிக் கணக்கு இடித்திருக்கும். ஆனால் வெற்று மலைச்சரிவுகளில் பெரும் சூரியப் பண்ணை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. வாலே மாநில மக்கள் அதற்கான விரைவு அனுமதி முறையை 2023 செப்டம்பரில் 53.9 சதவீதத்தில் நிராகரித்தார்கள். மலையழகை விற்று வாழும் ஊர்கள் அவை. கூரைகளில் மட்டும் வேலை அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது. 2024ல் நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை வெயில் தந்தது. அது பெரும்பாலும் கோடை மின்சாரம். மிஞ்சுவதை அண்டை நாட்டுக்குக் கொடுத்து, குளிர்காலத்தில் வட கடல் காற்று மின்சாரத்தைப் பெற்றால்தான் கணக்கு நேராகும். சுற்றிச் சுற்றி வந்து மீண்டும் உடன்பாட்டில்தான் நிற்கிறோம்.

நம் பக்கம்

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. 1932ல் பைக்காராவில் தொடங்கிய நீர்மின்சாரம் கோவை ஆலைகளை ஓட்டியது. பின்னர் முப்பந்தலும் கயத்தாறும் காற்றாலைகளால் நிறைந்தன. ஆனால் 2013 வரை தென்னிந்திய மின்வலை வடக்கோடு ஒரே துடிப்பில் சேரவில்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது இதனால்தான். அதே காரணத்தால், ஆடிக்காற்றில் மிஞ்சிய மின்சாரத்தை வெளியே அனுப்பப் போதிய பாதையின்றிக் காற்றாலைகளை நிறுத்தியதும், காற்று ஓய்ந்த மாதங்களில் வெளியிலிருந்து வேண்டிய அளவு வாங்க முடியாமல் மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்ததும் நடந்தன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இரு வலைகளையும் இணைத்தது. அதே வருடங்களில் கூடிய உற்பத்தியோடு இந்த இணைப்பும் சேர்ந்தே தமிழ்நாட்டின் மின்வெட்டைத் தீர்த்தது.

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை இன்னும் தனித் தீவாகவே மின்சாரத்திலும் இருக்கிறது. 2025 பிப்ரவரி 9ம் தேதி பாணந்துறை துணை மின்நிலையத்தில் நேர்ந்த ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. வெயில் மின்சாரம் நிறைய ஓடிய ஞாயிற்றுக்கிழமை அது. சிறிய வலையில் தாங்கும் சக்தி குறைவு. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் கூடக் கூட இந்தப் பலவீனமும் கூடும். இந்தியாவையும் இலங்கையையும் கடலடிக் கம்பியால் இணைக்கும் யோசனை பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. 2010ல் ஆய்வுக்கு ஓர் உடன்படிக்கை, 2025 ஏப்ரலில் மேலும் ஒன்று. நேர்மின்னோட்டக் கம்பி என்பதால் ஒருவர் துடிப்பு தளர்ந்தால் மற்றவரை இழுத்துக்கொண்டு போகாது. மன்னார்க் காற்றையும் ராமநாதபுர வெயிலையும் பங்கிட்டுக்கொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

தொழில்நுட்பம் இங்கே தடையல்ல. இதைவிட நீளமான கடலடிக் கம்பிகள் வட கடலில் இயங்குகின்றன. பெரிய நாட்டின் கையில் சிறிய நாட்டின் விளக்குச் சாவி போய்விடுமோ என்ற அச்சம்தான் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பார்த்து சுவிஸ் கிராமத்தார் கேட்கும் கேள்வியும் இதுவே. அதற்கு விடை, விலையை யார் வைப்பது, தட்டுப்பாட்டில் யாருக்கு முதலில் குறைப்பது, தகராறை யார் தீர்ப்பது என்று கம்பி போடும் முன்பே எழுதி, இரு நாட்டு மக்களும் படிக்கும்படி வெளியிடுவது. சுவிட்சர்லாந்து கம்பியை 1958ல் போட்டுவிட்டு, சந்தைக்கான விதியை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. நாம் இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடிந்தால் அந்த அறுபது, எழுபது வருடங்களை மிச்சப்படுத்தலாம்.